அரைப்பேர்

படிக்கத் தெரியாத ஒருத்தியை ஏமாற்றக் கத்தி வேண்டாம், கம்பு வேண்டாம். படித்த தம்பி ஒருத்தன் இருந்தால் போதும். சுருளியம்மாளுக்கு அப்படி ஒருத்தன் வாய்த்திருந்தான். பெயர் உக்கிரபாண்டி. அவளுக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். ஆத்தாள் செத்தபோது அவனுக்கு மூன்று வயது. அன்றைக்கு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், அடிவாரத்து முந்தல் ஊர் வழியாக மலையேறி ஏலக்காட்டில் வேலைக்குப் போன இடமெல்லாம் அவனையும் கூடவே கொண்டுபோனாள். தவசிக்கு வாழ்க்கைப்பட்டபோதுகூட, "என் தம்பியும் கூட வருவான், சம்மதம்னா தாலியக் கட்டு" என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினாள். அவள் கைநாட்டு. அவனைப் போடியில் விடுதியில் சேர்த்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை அவன் யார் மேல் பிரயோகித்தான் என்பதுதான் இந்தக் கதை. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

தவசி நல்ல மனுஷன். எழுபதாம் வருஷம் மழை விட்டதும் வந்த குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பொன்னுமணி, ராமுத்தாய் என்று இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. சின்னவளுக்கு நாலு. சுருளியம்மாள் எஸ்டேட் டிஸ்பென்சரியைக் கூட்டிப் பெருக்கி, ஊசி கொதிக்க வைத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். உக்கிரபாண்டி அதே எஸ்டேட்டில் ஏலக்காய் காயப்போடும் ஸ்டோரில் சூப்பர்வைசரானான். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், பையில் பேனா. பொன்னுமணி வயசுக்கு வந்த அன்றைக்கே, தாய்மாமன் முறைக்கு அவளை அவனுக்குத்தான் என்று பேசி முடித்தாகிவிட்டது. சுருளியம்மாளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். தம்பியும் கைவிட்டுப் போகமாட்டான், மகளும் கைவிட்டுப் போகமாட்டாள்.

எழுபத்து நாலாம் வருஷம் புரட்டாசியில் மதுரையிலிருந்து ஒரு ஜீப்பு வந்தது. ஒரு டாக்டரம்மா, மைக்ராஸ்கோப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு ஆள், மலையாளத்து நர்ஸ் ஒருத்தி. எஸ்டேட்டில் எல்லாரிடமும் ரத்தம் எடுக்கவேண்டுமாம், யார் யாருக்குக் காய்ச்சல் எத்தனை தடவை வந்தது என்று கேட்டு எழுதவேண்டுமாம். நர்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி.

"போன வருஷம் எத்ர வட்டம் பனி வந்நு?"

நம் பெண்கள் என்ன கண்டார்கள். "தினமும் வரும் சிஸ்டர். காலையில பத்து மணி வரைக்கும் எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது" என்றாள் பாண்டியம்மாள். காய் எடுக்கும் கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம். தினமும் பனி என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். அடுத்தவளும் தினமும் என்றாள். அதற்கடுத்தவள், "மார்கழியில ரொம்பச் சாஸ்தி" என்றாள். மத்தியானத்துக்குள் நாற்பது பேருக்குத் தினசரிக் காய்ச்சல் என்று அட்டை நிரம்பிவிட்டது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாள். தினமும் காய்ச்சல் அடிக்கிற இந்த நாற்பது பேரும் எப்படிச் சுமை தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

தரை கூட்டிக்கொண்டிருந்த சுருளியம்மாள்தான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "டாக்டரம்மா, அந்தப் புள்ள பாஷையில பனின்னா காய்ச்சலு. எங்களுக்குப் பனின்னா வெளியில விழுகுதே, அது. இவளுக அதைச் சொல்றாளுக."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தாள். அன்றிலிருந்து சுருளியம்மாள் இல்லாமல் அவளுக்கு ஒரு சோலியும் ஓடவில்லை. யாரை எப்படிக் கேட்கவேண்டும், யாருக்கு ஊசியென்றால் பயம், யார் வீட்டில் யார் செத்தது, எல்லாம் சுருளியம்மாள்தான். "என் புருசன அந்தக் குளிர்காய்ச்சல்தான் கொண்டுக்கிட்டுப் போச்சு. பக்கத்துலயே கெடந்து பார்த்தேன். எனக்கு ஒருநாள் உடம்பு சுடல" என்று அவள் சொன்னதும், டாக்டரம்மா பேனாவை எடுத்து அதைத் தனியாக எழுதிக்கொண்டாள்.

அதற்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். சிலருடைய ரத்தத்தில் ஒரு சின்னக் குறை உண்டு, அந்தக் குறை உள்ளவர்களைக் குளிர்காய்ச்சல் அவ்வளவாகப் பிடிப்பதில்லையோ என்று சந்தேகம், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். ஸ்டோர் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து, கையில் நாலு ஏலக்காயை எடுத்துக்கொண்டு விளக்கினாள். ஒவ்வொரு ஆளுக்கும் ரத்தத்தில் இரண்டு பங்கு. அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று. இரண்டும் நல்ல பச்சைக்காயாக இருந்தால் முழு ஆள். ஒன்று பச்சை, ஒன்று வெளுத்தது என்றால்?

"அப்ப அவன் அரைப்பேரா டாக்டரம்மா?" என்றாள் பாண்டியம்மாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்த எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். சொன்ன அளவு காய் எடுத்தால் கங்காணி முழுப்பேர் போடுவான். குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் வாங்கினவள் அன்றைக்குச் சாயங்காலம் தலை குனிந்துதான், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போவாள். மாட்டாதவன், சோம்பேறி, ஒன்றுக்கும் ஆகாதவன் எல்லாருக்கும் அந்த ஒரே பட்டம்தான். டாக்டரம்மாவுக்கு இது எங்கே தெரியும்? சொல்லச் சுலபமாக ஒரு வார்த்தை கிடைத்ததே என்று மகிழ்ந்துபோனாள். "ஆமா, அரைப்பேர். அப்படியே வச்சுக்குவோம்" என்றாள். அந்த அம்மாள் மனசறிந்து கெடுதல் செய்தவள் இல்லை. ஆனாலும் செய்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு. அரைன்னா பாதிச் சீக்காளின்னு நினைக்காதீங்க. அரைப்பேருக்குச் சீக்கே கிடையாது. கொஞ்சம் முகம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம், நூறு வயசு இருக்கலாம். காய்ச்சல்கூட அவங்களுக்குக் கம்மியோ என்னமோ. ஆபத்து எங்கேன்னா, ரெண்டு அரைப்பேர் கல்யாணம் பண்ணினாத்தான். வெளுத்த காய் ரெண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி ஆக வழியிருக்கு. அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ஊறாது."

"அரையும் அரையும் சேர்ந்தா ஒரு பேருதான? எங்க கங்காணி அப்படித்தான் கூட்டுவாரு" என்றாள் பாண்டியம்மாள்.

டாக்டரம்மாவும் சிரித்தாள். "ரத்தத்துக்கு உங்க கங்காணி கணக்குத் தெரியாதும்மா" என்றாள்.

பெயர் எழுதமாட்டோம், சீசாவில் நம்பர்தான் ஒட்டுவோம், வேறு யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். அப்படியும் ஒருத்தரும் கை நீட்டவில்லை. சுருளியம்மாள்தான் ஒவ்வொரு லயமாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பதினாறு பேரோடு கூட்டம் தயங்கி நின்றபோது, மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று தம்பியை முன்னாலே கொண்டுபோய் உட்காரவைத்தாள். "எனக்கெதுக்குக்கா, ரத்தத்தப் பார்த்தா கிறுகிறுங்குது" என்று அவன் நெளிந்தான். "நீ ஸ்டோர் சூப்பர்வைசரு, நீயே பயந்தா இவுகள்லாம் என்ன செய்வாக" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நம்பர் பதினேழு. எல்லாரையும் முடித்துவிட்டு அவள் நீட்டினபோது நாற்பத்தொன்று. பொன்னுமணி நாற்பத்திரண்டு, ராமுத்தாய் நாற்பத்து மூன்று. எழுத்துத்தான் தெரியாதே தவிர, காதில் விழுந்த எண் எதுவும் அவளுக்கு மறக்காது.

ஜீப்பு கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் சொன்னாள். "வர்ற தையில என் மூத்தவள என் தம்பிக்குத்தான் குடுக்குறேன். எங்களுக்கு மட்டும் வெரசாப் பார்த்து எழுதிருங்க தாயி." எழுதுகிறேன் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்யாத குறைதான்.

கார்த்திகையில் லெட்டர் வந்தது. டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் பிச்சைமணி, அக்காவுக்குப் படித்துக் காட்டு என்று உக்கிரபாண்டியைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். அவன் நேரே லயத்துக்கு வந்தான். சுருளியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் காகிதத்தை விரித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிறுத்தி நிதானமாக, வரிமேல் விரல் வைத்துப் படித்தான்.

"பதினேழு, முழுப்பேர். நாப்பத்தொண்ணு, முழுப்பேர். நாப்பத்திரண்டு, முழுப்பேர். நாப்பத்து மூணு, முழுப்பேர். கல்யாணத்தை ஜோரா நடத்துங்கன்னு எழுதியிருக்காக்கா."

சுருளியம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீயே பத்திரமா வச்சுக்க அப்பு" என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குப் பணியாரம் சுட்டு லயம் முழுக்கக் கொடுத்தாள். வரி மேல் விரல் வைத்துப் படித்தானே, அந்த விரலை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மற்ற வீடுகளுக்கும் லெட்டர் வந்தது. நம்பர் போட்டு என்ன, பெயர் போட்டு என்ன, ஒரு வாரத்தில் யார் யார் அரைப்பேர் என்று எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. லோடு ஏற்றும் சுடலைக்குத் தேவாரம் ஊரில் பேசி முடித்திருந்த பெண்ணை, அவன் அரைப்பேராம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் முழுப்பேரா அரைப்பேரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சுடலை பாவம், ஆறடி ஆள், இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவான், அவனைப் போய் அரைப்பேர் என்று கூப்பிட்டார்கள். உக்கிரபாண்டியும் கூப்பிட்டான், எல்லாரையும்விடச் சத்தமாக.

தையில் கல்யாணம் நடந்தது. எழுபத்தாறில் பொன்னுமணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாத்தா பெயரை வைத்துத் தவசி என்று கூப்பிட்டார்கள். ஆறு மாதம் வரைக்கும் கொழுகொழுவென்று கிடந்தான். பிறகு வெளுக்கத் தொடங்கினான். உதடு வெள்ளை, உள்ளங்கை வெள்ளை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் ஏற்றினால் நாலு வாரம் ஓடி விளையாடுவான், பிறகு துவண்டு விழுவான். மறுபடியும் பஸ்சு, மறுபடியும் மதுரை. எண்பதில், நாலு வயதில், போய்விட்டான். அடுத்து ஒரு பெண் குழந்தை. அதுவும் அப்படியே வெளுத்தது. ஒன்றரை வயதுகூட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொல்வதை எல்லாம் உக்கிரபாண்டிதான் உள்ளே போய்க் கேட்டு வருவான். தாயும் மகளும் வராந்தாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் வெளியே வந்து, "இவ ரத்தந்தான் சரியில்லையாம்" என்பான். பொன்னுமணி தலை நிமிரமாட்டாள். தன் வயிறுதான் இரண்டு பிள்ளைகளையும் தின்றது என்று அவள் நம்பினாள். பக்கத்து லயத்தில் குழந்தை பிறந்தால் எட்டிப் பார்க்கமாட்டாள். யாராவது கையில் கொடுத்தாலும், "என் கை வேண்டாம்க்கா" என்று விலகிப் போவாள். இரண்டாவது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு, துக்கம் தாங்காமல் சுருளியம்மாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "என் தம்பி குடும்பம் வெளங்காமப் போறதுக்கா உன்னப் பெத்தேன்?" பெற்ற தாய் சொன்ன சொல்.

எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் உக்கிரபாண்டி பொன்னுமணியைப் பெட்டியோடு கொண்டுவந்து அக்காள் வீட்டில் விட்டான். சுருளியம்மாள் அப்போது சின்னவளோடு போடியில் குடியிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் ஜீப்பில் மலையேறி டிஸ்பென்சரி வேலையைப் பார்த்துவிட்டு வருவாள். ராமுத்தாய்க்குப் பதினெட்டு வயது. எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இவளத் தள்ளி வைக்கல அக்கா. இங்க இருக்கட்டும், சோறு நான் போடுறேன். ஆனா எனக்கு ஒரு பிள்ள வேணும்ல. சின்னவளக் குடு" என்றான்.

ராசிங்காபுரத்தில் இருந்த தவசியின் அண்ணன் முனியசாமிதான் வீட்டுப் பெரியவர். அவரிடம் முன்கூட்டியே போய்ப் பேசி வைத்திருந்தான். அவரும், "உரிமைக்காரன் கேக்குறான். அக்கா தங்கச்சி ஒரே வீட்டுல இருந்தா மூத்தவளுக்கும் ஆதரவுதான்" என்று சொல்லி, வளர்பிறையில் பரிசம் போட நாள் குறித்துவிட்டார். ராமுத்தாய் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "அக்கா இருக்கிற வீட்டுல நான் எப்பிடிம்மா போயி நிப்பேன்? அதுக்கு நீ என்னைய மலையில இருந்து தள்ளி விட்டுரு."

சுருளியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் பிள்ளை. பரிசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் வீட்டுக்கு வந்தான். அவள் மனசில் இருந்த பயத்தை அப்படியே அவனிடம் சொன்னாள்.

"அப்பு, ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான. மூத்தவ ரத்தம் கெட்டதுன்னா சின்னவ ரத்தம் மட்டும் எப்பிடி நல்லதா இருக்கும்? இவளும் ரெண்ட மண்ணுக்குக் குடுத்துட்டு வந்து நின்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்."

அவளைத் தேற்றுகிற அவசரத்தில் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்தப் பயமே வேணாம்க்கா. சின்னவளுக்கு ஒண்ணுமில்ல. பெரியவதான் அரைப்பேரு, சின்னவ முழுப்பேருன்னு அன்னைக்கே அந்த டாக்டரம்மா லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கு."

சொல்லிவிட்டு மோரை வாங்கிக் குடித்தான். தான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. சுருளியம்மாளுக்கு உறைத்தது. நாப்பத்திரண்டு, முழுப்பேர் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் படித்தது இன்னும் அவள் காதில் அப்படியே இருந்தது. காய்ச்சலே வராத அவள் உடம்பு அன்றைக்குக் குளிர்ந்து நடுங்கியது. ஒன்றும் கேட்காமல் அவனை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் முதல் ஜீப்பில் மலையேறிக் கம்பவுண்டர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, பத்து வருசத்துக்கு முந்தி எங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சுல்ல. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

பிச்சைமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இப்ப வந்து கேக்குற?" என்றார். "பதினேழும் நாப்பத்திரண்டும் கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. ரெண்டும் அரைப்பேரு. லெட்டரக் குடுக்கும்போதே உன் தம்பிக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வேற இடத்துல பாருடா, ஒண்ணும் குடிமுழுகிப் போகாதுன்னேன். அக்காகிட்டச் சொல்றேன்னு போனான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தப்ப, என்னடா இதுன்னு கேட்டேன். அக்காவுக்கு எல்லாம் தெரியும், சாமி பார்த்துக்கும்னு பிடிவாதமா நிக்கிதுன்னான். அந்தப் பிள்ளைக ஒவ்வொண்ணாப் போனப்ப, உன்னத்தான் சுருளி மனசுக்குள்ள திட்டினேன். இவளும் ஒரு பொம்பளையான்னு."

சுருளியம்மாள் தான் கூட்டிப் பெருக்குகிற அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷமாக இந்த மனுஷன் தன்னோடு ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கம்பவுண்டர் பழைய கட்டுகளைக் கிளறி, டிஸ்பென்சரிக்கு வந்த நகலைத் தேடியெடுத்துக் கொடுத்தார்.

பரிசத்தன்று காலையில் ராசிங்காபுரத்தில் முனியசாமி வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். உக்கிரபாண்டி சேலை, பூ, வெற்றிலை வைத்த தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தான். புதுமாப்பிள்ளை மாதிரி மீசையை ஒதுக்கிவிட்டிருந்தான். பொன்னுமணி அடுப்படியில் கூட்டத்துக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்குத் தன் தங்கையைப் பேச வந்தவர்களுக்குக் காப்பி. பரிசத்தை ஆரம்பிக்கலாமா என்று முனியசாமி கேட்டதும், சுருளியம்மாள் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து ராமுத்தாயிடம் கொடுத்தாள்.

"படிடி. சத்தமா."

காகிதத்தைப் பார்த்ததும் உக்கிரபாண்டி முகம் செத்துப்போனது. "என்னக்கா இது, நல்ல காரியத்துல" என்று எழுந்தான். "உக்காரு" என்றாள் அவள். அந்தக் குரலை அவன் சின்ன வயதில்தான் கேட்டிருப்பான். உட்கார்ந்துவிட்டான்.

ராமுத்தாய் படித்தாள். "எண் பதினேழு, அரைப்பேர். எண் நாற்பத்தொன்று, அரைப்பேர். எண் நாற்பத்திரண்டு, அரைப்பேர். எண் நாற்பத்து மூன்று, முழுப்பேர். அரைப்பேர் என்பது நோயன்று. அதற்காக ஒருவரும் அஞ்சவோ வெட்கப்படவோ வேண்டியதில்லை. ஆனால் பதினேழும் நாற்பத்திரண்டும் ஒருவரையொருவர் மணக்க வேண்டாம். இருவருமே முழுப்பேராகப் பார்த்துத் தனித்தனியே மணந்துகொண்டால், அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது."

"யாரு அந்தப் பதினேழு?" என்று முனியசாமி கேட்டார்.

"இந்தா உக்காந்திருக்கானே, மாப்பிள்ள, அவந்தான்" என்றாள் சுருளியம்மாள். "நாப்பத்தொண்ணு நானு. எங்க ஆத்தா அப்பன் குடுத்தது, எங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. என் மககிட்ட இருக்கிறதுதான் இவன்கிட்டயும் இருக்கு. இதத் தெரிஞ்சுக்கிட்டே, எல்லாரும் முழுப்பேருன்னு எங்கிட்ட வாசிச்சான். ரெண்டு பிள்ளையையும் பறிகொடுத்துட்டு, அவ ரத்தந்தான் கெட்டதுன்னு ஊரெல்லாம் சொன்னான். இப்ப அதே காயிதத்தப் பார்த்துத்தான் முழுப்பேரு எதுன்னு பொறுக்கியெடுத்துக் கேக்க வந்திருக்கான்."

உக்கிரபாண்டி தட்டை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தான். "அரையும் அரையும் சேர்ந்தா ஒண்ணாயிரும்னு நெனச்சிட்டேன்க்கா. எஸ்டேட்டே அப்பிடித்தான சொல்லுச்சு."

"கம்பவுண்டரு உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாராமே. அவருகிட்ட, அக்காதான் பிடிவாதமா நிக்கிதுன்னு சொன்னியாமே."

அதற்கு மேல் அவனுக்குப் பொய் அகப்படவில்லை. "என்னைய அரைப்பேருன்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? சுடலைய என்ன பாடு படுத்துனாகன்னு நீயுந்தான பார்த்த? நீயே குடுத்திருக்கமாட்ட."

"குடுத்திருக்கமாட்டேன்தான். காலுல விழுந்தாச்சும் வேற பொண்ணு வாங்கிக் கட்டி வச்சிருப்பேன். உன் பிள்ளைக ஓடியாடித் திரியும். இவ பிள்ளைகளும் திரியும். என் கழுத்த அறுத்திருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்டா. என் பிள்ளைய எங்கையாலயே அறுக்க வச்சியே. போ. எந்திரிச்சுப் போயிரு. இனி அக்கான்னு என் வாசப்படி மிதிச்சிராத."

முனியசாமியே தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தான். சுருளியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷத்தில் அவள் அழுதது மகளுக்காகவோ பேரப்பிள்ளைகளுக்காகவோ இல்லை. போகிறவனுக்காகத்தான். அதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பொன்னுமணி அடுப்படியிலிருந்து வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கப் படி."

ராமுத்தாய் படித்தாள். பொன்னுமணி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு தேதியைக் கேட்டாள். "கார்த்திகை, பன்னெண்டுக்கா. எழுபத்து நாலு" என்றாள் ராமுத்தாய்.

பொன்னுமணி விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தாள். கார்த்திகை, மார்கழி, தை. அப்புறம் தாயைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"ரெண்டு மாசம் இருந்திருக்கேம்மா. கம்பவுண்டரு இருந்தாரு, போடியில பள்ளிக்கூட வாத்தியாருக இருந்தாக. நீ ஏம்மா வேற யாருகிட்டயும் வாசிக்கச் சொல்லல?"

சுருளியம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"என் தம்பிடி" என்றாள்.